முகப்பில் மூன்று சென்சாரும் 1.000 காட்டுகின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸில் மூன்றும் மூன்று விடை சொல்கின்றன

குறிச்சிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். குறிச்சி சிட்கோவில் ஒரு சிறிய கூடத்தில் ஆர்.எஃப். (ரேடியோ அலை) ஆம்ப்ளிஃபையர்களைச் சோதித்து அனுப்பும் வேலை பார்க்கிறேன். எங்களிடம் பழைய எச்.பி. 436ஏ பவர் மீட்டர் ஒன்றும், அதோடு இணைத்து ஆர்.எஃப். திறனை அளக்கும் 8481ஏ சென்சார்கள் மூன்றும் இருக்கின்றன. ஒரு சென்சார் அண்மையில்தான் காலிபரேஷன் சான்றிதழோடு வந்தது. மற்ற இரண்டும் ஏலத்தில் எடுத்தவை.

மீட்டரை நன்றாகச் சூடேறவிட்டு, ஸீரோ செய்து, முகப்பிலுள்ள 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட் ஆதாரச் சிக்னல் தரும் வாயில் ஒவ்வொன்றாக மாட்டிச் சரிசெய்தால் மூன்றும் அச்சடித்தாற்போல் 1.000 காட்டுகின்றன. அதே சென்சார்களை 2.4 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் ஜெனரேட்டரில் மாட்டினால் தமக்குள் 0.2 டெசிபெல் வரை வேறுபடுகின்றன. முதலாளி கேட்கிறார்: "முகப்பில் எல்லாம் சரியாகத்தானே காட்டுகிறது? பிறகு சான்றிதழுக்கு எதற்குப் பணம்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். சான்றிதழ் உள்ள சென்சாரை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நாங்களே காலிபரேஷன் செய்துகொள்ளலாமா?

ஐம்பது_ஓம்

தம்பி, செய்துகொள்ளலாம். ஆனால் இப்போது வைத்திருக்கும் சாமான்களோடு முடியாது. முதலில் முதலாளியின் கேள்விக்கு வருகிறேன்.

முகப்பு வாய் ஒரே ஒரு புள்ளிக்குத்தான் பொறுப்பு. 50 மெகாஹெர்ட்ஸில் 1 மில்லிவாட் எவ்வளவு என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதையும் ஆலையில் ±0.7 விழுக்காட்டுக்குள் அமைத்து, ஓராண்டுக்கு ±1.2 விழுக்காடு என்றுதான் உறுதி தருகிறார்கள். அதிர்வெண் ஏறினால் சென்சாருக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வந்த திறனில் ஒரு பகுதி வாசலிலேயே திரும்பிப் போய்விடுகிறது. உள்ளே நுழைந்ததிலும் ஒரு பகுதி, அளக்கும் உறுப்பைச் சேராமல் வழியிலேயே வெப்பமாகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண்தான் காலிபரேஷன் ஃபேக்டர்: 1-இலிருந்து பிரதிபலிப்புக் கெழுவின் (வந்த அலையின் வீச்சில் திரும்பிப் போகும் பங்கு) வர்க்கத்தைக் கழித்து, அதைப் பயனுறு திறமையால் (உள்ளே நுழைந்த திறனில் அளவில் தெரியும் பங்கு) பெருக்கினால் கிடைப்பது. இது சென்சாருக்குச் சென்சார் மாறும், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். 50 மெகாஹெர்ட்ஸ் வாய் இதைப் பற்றி வாயே திறக்காது.

8481ஏ-வின் உடம்பிலேயே அந்த எண்கள் ஒட்டுவில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறும்போது மீட்டரின் திருகியை அந்த எண்ணுக்குத் திருப்புகிறீர்களா?

குறிச்சிக்காரன்

சான்றிதழ் உள்ளதற்குத் திருப்புகிறேன் ஐயா. ஏலத்தில் வந்த ஒன்றில் வில்லை தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. இன்னொன்றில் பழைய எண்களை அடித்துவிட்டு யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டு, யார் எழுதியது என்று தெரியாது.

ஐம்பது_ஓம்

பேனா எழுத்தை நம்ப வேண்டாம். அந்தச் சென்சார் ஒரு காலத்தில் பழுது பார்க்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம், அதற்கு மேல் மதிப்பில்லை.

பழைய_வால்வு

நான் வானொலி ஆர்வலன், தொழில் வேறு. 0.2 டெசிபெல்லுக்கா இவ்வளவு கவலை? என்னிடம் இருப்பது ஆன்டெனா வழியில் செருகும் பேர்ட் 43 வாட்மீட்டர். முழு அளவில் ±5 விழுக்காடு என்றுதான் அதன் பிழை எல்லை. 100 வாட் துண்டைப் போட்டு 20 வாட் அளந்தால் அந்த 5 வாட் பிழை, வாசிப்பில் கால்பங்காகிவிடும். எதிர்முனையில் கேட்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை.

கணக்குப்பிள்ளை

உங்களுக்குச் சரி அண்ணா. அவர் விற்கிறார். 0.2 டெசிபெல் என்றால் 4.7 விழுக்காடு. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் ±0.5 டெசிபெல் என்று எழுதியிருந்தால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை அளக்கும் கருவியே தின்றுவிடுகிறது. நல்ல ஆம்ப்ளிஃபையர் திரும்பி வரும், கெட்டது கடந்துபோகும்.

ஆனால் ஒன்று. நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவைப் பார்க்கிறேன். தணிக்கையாளர் வந்தால் முத்திரை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். சான்றிதழ் என்பது கோப்புக்கான காகிதம். நடைமுறையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐம்பது_ஓம்

கோபம்தான் வருகிறது. நான் வேலையில் இருந்தபோது ஒரு தனியார் ஆய்வகத்தின் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 18 கிகாஹெர்ட்ஸ் சென்சாருக்கு ஒரே வரி: 50 மெகாஹெர்ட்ஸ், 1 மில்லிவாட், "தேர்ச்சி". நிச்சயமின்மை, அதாவது எண் எவ்வளவு தவறியிருக்கலாம் என்று சொல்லும் இடமே இல்லை. முத்திரை மட்டும் பளபளவென்று இருந்தது. அந்தச் சோதனையை இந்தத் தம்பி முகப்பு வாயில் தினமும் காலையில் இலவசமாகச் செய்கிறார்.

காலிபரேஷனுக்கு அனுப்பும்போது நாம் கேட்டு வாங்க வேண்டும். நாம் பயன்படுத்தும் அதிர்வெண்கள் அட்டவணையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமின்மை, அது கே = 2-க்கா (ஏறத்தாழ 95 விழுக்காடு நம்பகத்துக்கு இரட்டித்ததா) என்ற குறிப்பு, பிரதிபலிப்புக் கெழுவின் அளவு, முடிந்தால் அதன் கட்டக் கோணமும் (ஃபேஸ்). அந்த ஆய்வகத்தின் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகார எல்லையில் அந்த அதிர்வெண் வீச்சு உண்மையிலேயே இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்ற ஆய்வகத் தர விதிப்படி தரும் அங்கீகாரம் என்பது ஆய்வகத்தின் எல்லா அளவீட்டுக்கும் மொத்தமாகக் கிடைப்பதில்லை.

தேன்சிட்டு

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நுண்ணலைப் பாடம் எடுக்கிறேன். ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். குறிச்சிக்காரரின் 0.2 டெசிபெல் முழுவதும் காலிபரேஷன் ஃபேக்டரால் வந்ததாக இருக்காது. சென்சாரை நேராக ஜெனரேட்டரில் மாட்டுகிறார் அல்லவா? பெரும்பங்கு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெனரேட்டர் வாயின் எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தம் எவ்வளவு கெட்டது என்று சொல்லும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5 என்று வைத்துக்கொள்வோம். பிரதிபலிப்புக் கெழு 0.2. சென்சாருக்கு 1.2 என்றால் கெழு 0.09. சென்சாரில் பட்டுத் திரும்பும் அலை ஜெனரேட்டரில் பட்டு மீண்டும் வரும். அது முதல் அலையோடு கூடுமா கழியுமா என்பது கட்டத்தைப் பொறுத்தது. எல்லை: 2 × 0.2 × 0.09, அதாவது ±3.6 விழுக்காடு, ஏறத்தாழ 0.15 டெசிபெல். அடுத்த சென்சாரின் கட்டம் வேறாக இருந்தால் பிழை எதிர்த்திசையில் போகும். இரண்டு சென்சாரும் குற்றமற்றவையாக இருந்தாலும் இவ்வளவு விலகல் வரலாம்.

இப்போதைக்குச் செலவில்லாத வழி: ஜெனரேட்டர் வாயில் நல்ல 10 டெசிபெல் அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) ஒன்றை மாட்டிவிட்டு அதன் முனையில் அளந்து பாருங்கள். அந்த 0.2 பிரதிபலிப்பு போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் அடங்கி 0.02 ஆகிவிடும். பிறகு அட்டனுவேட்டரின் சொந்தப் பிரதிபலிப்புதான் பேசும்.

குறிச்சிக்காரன்

அக்கா, மாட்டிப் பார்த்துவிட்டேன். சான்றிதழ் சென்சாருக்கும் வில்லை தேய்ந்ததற்கும் இடையே இப்போது 0.06 டெசிபெல்தான். பேனா எழுத்துக்காரன் மட்டும் இன்னும் 0.17-இல் நிற்கிறான். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அவன் வாசிப்பு மாறவும் செய்கிறது.

ஐம்பது_ஓம்

கழற்றி மாட்டினால் மாறுகிறது என்றால் கனெக்டரைப் பாருங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் போதும்; பெரியகடை வீதியில் கிடைக்கும். நடு ஊசி நடுவில் நிற்கிறதா, தோளில் வளையமாகத் தேய்மானம் இருக்கிறதா, உள்ளே உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

குறிச்சிக்காரன்

பார்த்தேன். சான்றிதழ் சென்சாரின் ஊசி மங்கலான பொன் நிறத்தில், ஒரே சீராக இருக்கிறது. பேனா எழுத்துக்காரனில் ஊசியின் ஒரு பக்கம் மட்டும் பொன்பூச்சு போய் வெண்மையாகப் பளபளக்கிறது. ஊசி அந்தப் பக்கமாகவே லேசாகச் சாய்ந்திருக்கிறது. வெளிவளையத்தின் உள்விளிம்பில் மஞ்சள் தூள். மரையில் எண்ணெய் கலந்த கறுப்பு. பஞ்சுக்குச்சியால் தொட்டால் கறுப்பாக ஒட்டுகிறது.

ஐம்பது_ஓம்

அந்தச் சென்சாரை எடுத்துத் தனியே வையுங்கள். இனி முகப்பு வாயில்கூட அதை மாட்ட வேண்டாம். சாய்ந்த ஊசியும் துருத்திய ஊசியும் தொற்றுநோய் போன்றவை. மாட்டும் ஒவ்வொரு பெண் கனெக்டரின் விரல்களையும் விரித்துவிட்டுத்தான் வெளியே வரும். அடுத்து அங்கே மாட்டுவது உங்கள் சான்றிதழ் சென்சாராக இருக்கும்.

மற்ற இரண்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். மாட்டும்போது சென்சாரின் உடம்பைச் சுற்றவே கூடாது. உடம்பை ஒரு கையில் அசையாமல் பிடித்து நட்டை மட்டும் சுற்ற வேண்டும். இல்லையென்றால் ஊசி உள்ளே அரைபடும். கடைசி முறுக்கு டார்க் ஸ்பானரால்: இந்த ‘N’ வகைக் கனெக்டருக்கு 1.36 நியூட்டன் மீட்டர். பம்ப்செட் வேலை பார்த்த கை என்றால் இன்னும் கவனம், அந்தக் கை தானாகவே ஒரு சுற்று கூடுதலாகப் போடும்.

நம் ஊரில் காலிபரேஷன் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் எந்த ஆய்வகம், எவ்வளவு கட்டணம் என்றே கேட்கிறார்கள். கனெக்டரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. டெல்லி வரை போய் வந்த எண் கடைசி மூன்று மில்லிமீட்டர் உலோகத்தில் பாழாகிறது.

நொய்யல்கரை

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பெருந்துறை சிப்காட்டில் நூல் சாய ஆலையில் பராமரிப்புப் பணி. எங்களிடம் ஆர்.எஃப். டிரையர் இருக்கிறது, 27.12 மெகாஹெர்ட்ஸ், தகட்டில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. அவ்வளவு வருகிறதா என்று சந்தேகம். நீங்கள் பேசும் சென்சாரால் அதை அளக்க முடியுமா?

ஐம்பது_ஓம்

8481ஏ அளக்கும் உச்சம் 100 மில்லிவாட். உங்களுடையது அதைப்போல் ஆறு லட்சம் மடங்கு. கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்குச் சென்சாரே தேவையில்லை, எடைத்தராசு போதும். ஈர நூல் கோன்களை எடை போட்டு உள்ளே அனுப்புங்கள், வெளியே வந்ததும் எடை போடுங்கள். 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்கு ஏற்றி ஆவியாக்கத் தோராயமாக 2.55 மெகாஜூல் வேண்டும். 60 கிலோவாட் முழுவதும் நீருக்கே போனால் மணிக்கு 85 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நீர் போக வேண்டும். 55 கிலோதான் போகிறது என்றால் நூலுக்குச் சேர்வது 40 கிலோவாட்டுக்கு அருகில். நூல், காற்று, பெல்ட் ஆகியவற்றைச் சூடாக்குவதில் கொஞ்சம் போகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கோன்களின் அடர்த்தி மாறினாலும் டிரையர் இழுக்கும் திறன் மாறும், ஆகவே வழக்கமான சரக்கை வைத்தே பாருங்கள்.

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் தேசிய ஆய்வகத்தில் மிகமிக நுணுக்கமாகச் செய்வதும் அடிப்படையில் இதுவே. ஆர்.எஃப். திறனை யாரும் நேரடியாகப் பார்ப்பதில்லை. அதை வெப்பமாக்கி, அந்த வெப்பத்தை அளக்கிறார்கள்.

தேன்சிட்டு

ஐயா, அந்தப் பகுதியை விரிவாக எழுதினால் என் மாணவர்களுக்கும் உதவும்.

ஐம்பது_ஓம்

எழுதுகிறேன் அம்மணி. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கும் காலிபரேஷன் சங்கிலியின் உச்சியில், நுண்ணிய வெப்பத்தை அளக்கும் மைக்ரோகலோரிமீட்டர் இருக்கிறது. நம் நாட்டில் தேசியத் தரங்களைப் பேணுவது புதுடெல்லியிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். தேசிய இயற்பியல் ஆய்வகம். மைக்ரோகலோரிமீட்டரில் தெர்மிஸ்டர் மவுண்ட்டை (சூடானால் மின்தடை மாறும் உறுப்பு கொண்ட சென்சார்) வெளி வெப்பம் அண்டாத கூட்டுக்குள் வைத்து, மவுண்ட்டின் சுவர்களில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து அளப்பார்கள். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வெப்பம் நிலைகொள்ள நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அந்த அளவீட்டிலிருந்து மவுண்ட்டின் பயனுறு திறமை கிடைக்கிறது. பிறகு அந்த மவுண்ட்தான் கீழேயுள்ள ஆய்வகங்களுக்கு ஆதாரம்.

தெர்மிஸ்டர் மவுண்ட்டின் அழகு எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. 478ஏ, 8478பி போன்றவற்றில் தலா 100 ஓம் நிலையில் இரண்டு தெர்மிஸ்டர்கள். டி.சி.க்கு அவை தொடரிணைப்பு, 200 ஓம், ஆர்.எஃப்.க்குப் பக்க இணைப்பு, 50 ஓம். 432ஏ மீட்டரின் பிரிட்ஜ் (மின்தடையைச் சமன்செய்யும் சுற்று) அந்த 200 ஓமை எப்போதும் மாறாமல் காக்கிறது. ஆர்.எஃப். வந்து தெர்மிஸ்டரைச் சூடாக்கினால் அதே அளவு டி.சி. திறனைப் பிரிட்ஜ் பின்வாங்கிக்கொள்ளும். பின்வாங்கிய டி.சி.யை அளந்தால் ஆர்.எஃப். தெரிந்துவிடும். ஆர்.எஃப். படாமல் ஒப்பீட்டுக்கு வைத்த ஈடுசெய் பிரிட்ஜின் மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால், 1 மில்லிவாட்டுக்கு வித்தியாசம் சுமார் 80 மில்லிவோல்ட். கிகாஹெர்ட்ஸ் சிக்கலை ஒரு நல்ல டிஜிட்டல் வோல்ட்மீட்டரும் ஒரு மின்தடையும் தீர்த்துவிடுகின்றன. மீட்டர் முகப்பிலுள்ள 1 மில்லிவாட் வாயையே சரிபார்ப்பதும் இந்த முறையில்தான்.

குறை, மவுண்ட் வெப்பத்துக்கு அஞ்சும். சும்மா கையில் பிடித்தாலே ஸீரோ நகர்வதை முள்ளில் பார்க்கலாம். சித்திரை மாதத்தில் மதியம் மின்தடை வந்து ஏ.சி. நின்றால் அன்றைய அளவீடு அத்தோடு முடிந்தது; மின்சாரம் வந்ததும் தொடரலாம் என்று நினைக்கக் கூடாது. அளக்கும் உச்சமும் 10 மில்லிவாட்தான். அதனால் அன்றாட வேலைக்கு உங்களுடையதைப் போன்ற தெர்மோகப்பிள் சென்சார், அதையும்விடச் சிறிய திறனுக்கு டயோடு சென்சார்.

பழைய_வால்வு

டயோடு என்றதும் ஒரு கேள்வி. என் நண்பரிடம் 8484ஏ என்ற டயோடு சென்சார் இருக்கிறது. அதை முகப்பு வாயில் நேரே மாட்டலாமா?

தேன்சிட்டு

கூடாது அண்ணா. அது −20 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு 20 டெசிபெல் கீழே) வரைதான் அளக்கும். 11708ஏ என்ற 30 டெசிபெல் அட்டனுவேட்டரை இடையில் வைத்து, 1 மில்லிவாட்டை 1 மைக்ரோவாட்டாக்கிய பிறகே சரிசெய்ய வேண்டும். −20 டிபிஎம்முக்குக் கீழே டயோடு வர்க்க விதிப்படி (மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப) நடக்கும், உண்மையான சராசரித் திறனைக் காட்டும். அதற்கு மேல் அது உச்ச மின்னழுத்தத்தின் பக்கம் சாயத் தொடங்கும். அப்போது ஹார்மோனிக் (மடங்கு அதிர்வெண்) கலந்த சிக்னல் வாசிப்பைக் கெடுத்துவிடும்.

குறிச்சிக்காரரின் முதல் கேள்விக்குத் திரும்புவோம். சொந்தமாகக் காலிபரேஷன் செய்யத் தேவையானது: சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று, இரண்டாவது மீட்டர் ஒன்று. ஸ்ப்ளிட்டரின் ஒரு கிளையில், ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் காவல் சென்சாரை மாட்டிவிட்டு வேலை முடியும்வரை அதைத் தொடக்கூடாது. வில்லை தேய்ந்த சென்சாரையே அதற்கு வைத்துக்கொண்டு முறையைப் பழகலாம், அங்கே அதன் சொந்த எண் தேவைப்படாது. மறு கிளையில் முதலில் ஆதார சென்சார், பிறகு சோதிக்க வேண்டிய சென்சார். ஒவ்வொரு முறையும் மறு கிளையின் வாசிப்பைக் காவல் சென்சாரின் வாசிப்பால் வகுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் ஏறி இறங்கினாலும் விகிதம் அசையாது.

ஸ்ப்ளிட்டர் வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. கடையில் இரண்டு வகை இருக்கும். மூன்று 16.7 ஓம் மின்தடை கொண்டது ஒன்று. இரண்டு 50 ஓம் மின்தடை கொண்டது இன்னொன்று. மூன்று மின்தடைக்காரனை நெட்வொர்க் அனலைசரில் (பிரதிபலிப்பை அளக்கும் கருவி) பார்த்தால் எல்லா வாய்களிலும் பொருத்தம் அருமையாக இருக்கும். இரண்டு மின்தடைக்காரனின் வெளிவாயிலோ பிரதிபலிப்பு 0.25 என்று மோசமாகத் தெரியும். ஆனால் விகிதம் எடுக்கும் வேலையில் கணக்கு தலைகீழ். வெளிவாயின் சொந்தப் பிரதிபலிப்பிலிருந்து, இரு கிளைகளுக்கு இடையிலான கசிவையும் உள்வாய்ப் பரிமாற்றங்களின் விகிதத்தையும் பெருக்கிக் கழிக்க வேண்டும். இரண்டு மின்தடை வகையில் 0.25-இலிருந்து 0.25 போய்ச் சுழியம் வரும். மூன்று மின்தடை வகையில் சுழியத்திலிருந்து 0.5 போய் −0.5 வரும். அழகாகத் தெரிவதை வாங்கினால் உலகத்திலேயே மோசமான மூலம் உங்கள் மேசையில் இருக்கும். எச்.பி. 11667ஏ இரண்டு மின்தடை வகை.

குறிச்சிக்காரன்

நல்லவேளை அக்கா. மூன்று மின்தடை வகைக்குத்தான் விலை கேட்டு வைத்திருந்தேன். இவ்வளவும் செய்தால் கடைசியில் எங்கள் நிச்சயமின்மை எவ்வளவு வரும்?

தேன்சிட்டு

மாதிரிக்கு ஒரு கணக்கு. ஆதார சென்சாரின் சான்றிதழில் கே = 2-க்கு 1 விழுக்காடு என்றிருந்தால் திட்ட நிச்சயமின்மை 0.5. ஸ்ப்ளிட்டரின் சமான எஸ்.டபிள்யூ.ஆர். 1.05, சென்சாருடையது 1.2 என்றால் பொருத்தமின்மை ±0.44, இதன் பரவல் விளிம்புகளில் குவியும் வடிவம் கொண்டது, ஆகவே √2-ஆல் வகுத்து 0.31. கனெக்டரைத் திரும்பத் திரும்ப மாட்டுவதால் வருவது 0.2, மீட்டரும் மற்றவையும் 0.3 என்று வைப்போம். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.69, இரட்டித்தால் 1.4 விழுக்காடு, அதாவது 0.06 டெசிபெல். கனெக்டருக்கான 0.2-ஐ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேசையில் பலமுறை கழற்றி, கோணத்தைத் திருப்பி மாட்டிப் பார்த்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

கணக்குப்பிள்ளை

இந்த முடிவை வாடிக்கையாளருக்குத் தரும் அறிக்கையில் போடலாமா? தணிக்கையில் நிற்குமா?

ஐம்பது_ஓம்

போடலாம். உள்கூடச் சரிபார்ப்பு என்று எழுதி, ஆதார சென்சாரின் சான்றிதழ் எண்ணையும் இந்த நிச்சயமின்மைக் கணக்கையும் இணைக்க வேண்டும். என்.ஏ.பி.எல். சின்னத்தை மட்டும் போடக்கூடாது. விவரம் தெரிந்த தணிக்கையாளர் வந்தால் உங்கள் முத்திரையைவிட இந்தக் கணக்கைத்தான் புரட்டுவார்.

ஆதார சென்சார் அன்றாட வேலைக்கு வரக்கூடாது. மூடி போட்டு, பெட்டியில், அலமாரியில். அனுப்பும் முன்னும் திரும்பி வந்த பின்னும், ஊரைவிட்டே போகாத இன்னொரு சென்சாரோடு ஒப்பிட்டு எண்களைக் குறித்து வையுங்கள். வழியில் அடிபட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். டெல்லி வரை போக வேண்டிய சாமான் என்றால் கூரியரில் போடாமல் கேரளா எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு போகும் ஆளைத் தேடுவேன், என் குணம் அப்படி. இடைவெளி ஓராண்டா, இரண்டாண்டா என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லும். சில முறை அனுப்பி வாங்கியும் எண் நகரவில்லை என்றால் இடைவெளியை நீட்டலாம்.

குறிச்சிக்காரன்

ஸ்ப்ளிட்டர் வர நாளாகும் என்கிறார்கள். அதுவரை வரும் சரக்கை என்ன செய்வது?

தேன்சிட்டு

10 டெசிபெல் அட்டனுவேட்டரோடு, சான்றிதழ் சென்சாரை மட்டும் வைத்து அளங்கள். ஒப்பந்த எல்லை ±0.5 டெசிபெல் என்றால் நீங்கள் ±0.35-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்கும் சில நல்ல சரக்கு தள்ளிப்போகும், அதை எடுத்துத் தனியே வைத்திருந்து பிறகு மறுபடி அளந்தால் போதும். பருவத் தேர்வு முடிந்ததும் எங்கள் ஆய்வகத்தில் நெட்வொர்க் அனலைசர் ஓய்வாக இருக்கும். இரண்டு நல்ல சென்சார்களையும் எடுத்து வந்தால் பிரதிபலிப்புக் கெழுவைக் கட்டத்தோடு அளந்து தருகிறேன். கனெக்டர் மூடிகளோடு வாருங்கள். மூன்றாவதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.